சாயந்தரம் வரைக்கும் போடாத பாட்டு

பட்டாசுக் கம்பெனிகள் உள்ள எங்கள் பக்கத்தில் கெட்ட செய்திக்கு முன்னால் வெடிச் சத்தம் வந்துவிடும். அன்று சத்தம் எதுவும் கேட்கவில்லை. போர்மேன் பேக்கிங் ஷெட் வாசலில் வந்து நின்று என் பேரைச் சொன்னபோது, "எந்தக் கம்பெனியில?" என்றுதான் கேட்டேன். "கம்பெனி இல்ல தாயி, ஒங்க வேன் டிரைவரு" என்றார். கேட்டுக்கு வெளியே வேனில் உட்கார்ந்தபடியே சுப்புராஜ் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. தீபாவளி சீசன் அலுப்பில் எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை. விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

'கருந்திரி' பாட்டுக் குழுவின் ரசிகர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் 'வேன் அண்ணன்' என்ற பேரில் எல்லோரிடமும் சண்டை பிடித்தவர் அவர்தான். குரலைக் கேட்டுவிட்டு இளவட்டம் என்று நினைத்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் ஊர்ப் பொம்பளைகளை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை.

கருந்திரியின் முதல் மேடை விருதுநகரில். ஆமத்தூர்ப் பையன்கள் மூன்று பேர் ராப் பாடத் தொடங்கியதும் கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூச்சல் போட்டது. எங்களை வேனில் கூட்டிப்போயிருந்த அண்ணன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பையன் ஒருவன், "மாமா, பட்டிமன்றம் நாளைக்கு" என்றான். "நாளைக்கும் வருவேம்லே. இன்னைக்கு இதக் கேளு" என்றார் இவர். வேனில் தூங்கி வழிந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய பாட்டு அது. திரும்பி வரும் வழியெல்லாம், "நம்ம வேன எட்டிப் பாத்துட்டுல்ல எழுதிருக்கானுக!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எங்கள் போன்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொண்டு, பகல் பூராவும் வேனிலேயே கிடப்பார். கருந்திரிக்குப் புதுப் பாட்டு வந்தால், அத்தனை போன் கையில் இருந்தும் அவர் கேட்க மாட்டார். சாயந்தரம் கடைசி ஆள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் போடுவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஓடிவந்து, "எனக்கு மட்டும் மெள்ளப் போடுங்கண்ணே" என்று கெஞ்சினேன். "உள்ள இருக்கவுக காது என்ன ஆணியிலயா தொங்குது? அம்புட்டுப் பேரும் வரட்டும்" என்று விரட்டிவிட்டார். பாட்டுப் பிடிக்கவில்லை என்று சாயந்தரம் நாங்கள் உதட்டைப் பிதுக்கினால் அதற்கும் ஏச்சு. "ஒருக்காக் கேட்டுட்டு நாயம் பேசாதீக. மறுக்காக் கேளுங்க."

பிறகு கருந்திரி கலைந்தது. ஒருவன் துபாய் போனான். மற்ற இருவரும் முகத்தில் முழிப்பதில்லை என்று கேள்வி. நாலு வருஷம் ஒரு பாட்டும் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், எனக்கும் சலித்துவிட்டது. "இன்னுமா அண்ணே?" என்பேன். "தொண்டையில சளி கட்டிருக்கும் தாயி. காறித் துப்பிட்டு வந்துருவானுக" என்பார்.

வந்துவிட்டார்கள். அண்ணன் போன அன்றைக்குக் காலையில் கேட் முன்னால் போன்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோதே புதுப் பாட்டு வந்த மணி பைக்குள் மாறி மாறி அடித்தது. அண்ணன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "சாயந்தரம்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் போய்விட்டார். அவருக்கு டீ வாங்கி வந்த வாட்ச்மேன் தாத்தாதான் முதலில் பார்த்தது. "காலையிலயே போடச் சொன்னேன் தாயி. சாயந்தரம்னுட்டாரு" என்றார். எனக்கு வந்தது கோபம்தான். நாலு வருஷம் காத்துக் கிடந்த மனுஷன், ஒரே ஒரு தடவை எங்களை விட்டுவிட்டுக் கேட்டிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்? இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

கருமாதி முடியும்வரை நாங்கள் யாரும் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. கருமாதிக்கு மறுநாள் சாயந்தரம் புது டிரைவர் சினிமாப் பாட்டைத் தட்டிவிட்டதும், பின்சீட்டிலிருந்து முத்தம்மா அக்கா கத்தினாள். "ஏலே, அத நிப்பாட்டு. எல்லாரும் ஏறியாச்சு. அண்ணன் பாட்டப் போடு."

என் போனை வாங்கிப் போட்டான். வேன் கரிசல்காட்டு வழியே போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பாட்டு சுமார்தான். குரலில் பழைய காரம் இல்லை, பையன்களுக்கும் அலுத்துப்போயிருக்கும் போல. இதற்கா நாலு வருஷம், இதற்கா அந்த மத்தியானம் என்று எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினோம். அண்ணன் இருந்திருந்தால் எங்கள் மூஞ்சிகளைக் கண்ணாடியில் பார்த்தே ஏசியிருப்பார். அந்த ஏச்சுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. முன்சீட்டுப் பக்கம் எக்கிச் சொன்னேன்.

"தம்பி, மறுக்காப் போடு."