டெர்க்கின் இடது பக்கத்து வீடு

ஐம்பத்தோரு வயது வரை ஹெர்மீனுக்குச் சொந்தமாக ஒரு வாசல் இருந்ததில்லை. அப்பா பண்ணைக் கூலி. எந்தப் பண்ணையில் வேலையோ அந்தப் பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில் குடும்பம் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். வளர்ந்ததும் அவள் பால் லாரி ஓட்டப் போனாள். பண்ணை பண்ணையாக நின்று, குளிர்தொட்டியில் கிடக்கும் பாலைக் குழாய் போட்டு உறிஞ்சி, ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. சுற்றுவட்டாரத்தில் அவள் லாரி நுழையாத வாசல் கிடையாது. சாயங்காலம் திரும்புவது மட்டும் பேக்கரிக்கு மேலே இருக்கும் வாடகை மாடிக்கு.

அந்த மாடியும் இப்போது கையைவிட்டுப் போகப் போகிறது. பேக்கரிக்காரர் தன் மகளைக் குடிவைக்கப் போகிறார். மரியாதையான மனிதர், ஆப்பிள் கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அவள் ஒரு துண்டு தின்று முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அதே மாதத்தில் மணல்பாதைத் தெருவில் பென்னியின் வீடு விலைக்கு வந்தது. பென்னி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன். சைக்கிளில் கடலோரம் சுற்றப்போன இடத்தில் ஒரு பெண்ணோடு பழக்கமாகி, அறுபது வயதில் அங்கேயே குடிபோகிறான். அவன் சைக்கிளுக்கு இத்தனை தூரம் போகத் தெரியுமா என்று ஊர் அவனைக் கேலி செய்து ஓய்ந்திருந்தது. சின்னச் செங்கல் வீடு, பின்னால் இரண்டு பேரிக்காய் மரம். வங்கி எவ்வளவு தருமென்று கேட்டு, அதன் விளிம்பு வரைக்கும் போய் ஹெர்மீன் தன் விலையை எழுதிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை பென்னி காப்பிக்குக் கூப்பிட்டான்.

"உன்னைவிட அதிகமா எழுதியிருக்காங்க, ஹெர்மீன். ஆர்னெம் நகரத்துக்காரங்க. நல்ல ஜனங்கதான்."

"அப்போ முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு நான் சொன்னேனா? காப்பியக் குடி."

அவள் குடித்தாள். பென்னி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தான். அங்கே டெர்க் நெய்ஹாஃப் இருந்தார். எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, இடுப்பு போய்விட்டதால் வயதானவர்கள் ஊன்றி நடக்கும் சின்னத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்.

"அவருக்கு முதல் அண்டை வீடு இதுதான்," என்றான் பென்னி. "பனி விழுந்தா தள்ளிவிடுறது நான். மருந்து வாங்கிட்டு வர்றது நான். நாளைக்கு அவர் போயிட்டா வீடு வீடா போய்ச் சொல்லப் போறதும் நான், சவப்பெட்டிக்கு முன்னால தோள் குடுக்கப் போறதும் நான். ஆர்னெம்காரங்ககிட்ட இதெல்லாம் சொன்னேன். அதுக்கு நகராட்சியில ஆள் இருப்பாங்களேன்னு கேட்டாங்க. கேட்டதுல தப்பில்ல. எனக்குத்தான் அதுக்கப்புறம் தூக்கம் வரல."

"விலை வித்தியாசம்?"

"ஒரு புது சமையலறை போடலாம். பழைய சமையலறையில எனக்கு நல்லாவே சமைக்க வருது. டெர்க் உன்னை ஏத்துக்கிட்டா வீடு உனக்கு. வெள்ளிக்கிழமை தரகருக்குப் பதில் சொல்லணும். போய்க் கேளு. அவரைத்தான் முதல்ல கேக்கணும், உனக்குத் தெரியாததில்ல."

ஹெர்மீனுக்குத் தெரியும். டெர்க்கைக் கேட்பதைவிட வங்கியில் இன்னொரு மடங்கு கடன் கேட்பது சுலபம் என்பதும் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலையில், அப்போது மாடு வைத்திருந்த டெர்க்கின் பால்தொட்டி மூடியைத் திறந்ததும் அவளுக்குக் கெட்ட வாடை பிடிபட்டுவிட்டது. வெப்பமானியும் அதையே சொன்னது. எடுக்கமாட்டேன் என்று குழாயைச் சுருட்டிவிட்டாள். அவ்வளவு பாலையும் டெர்க் சாணக்குழியில் திறந்துவிட வேண்டியதாயிற்று. இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. இரண்டு வருஷம் கழித்து இடுப்பு வலியால்தான் மாடுகளை விற்றார். ஆனால் அந்த ஜூலையிலிருந்து அவளுக்கு விரல் தூக்குவதை நிறுத்தியிருந்தார். எதிரே வருவது யாராக இருந்தாலும் வண்டி ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிற ஊர் அது. பிடிக்காதவனுக்கும் ஒரு விரல் உண்டு. டெர்க் ஹெர்மீனுக்கு அதைக்கூடக் காட்டவில்லை.

புதன்கிழமை பிராந்தியில் ஊறிய உலர்திராட்சை ஒரு ஜாடி வாங்கிக்கொண்டு மணல்பாதைக்குப் போனாள். புதிதாக வருகிறவர் அந்த ஜாடியோடுதான் ஒவ்வொரு வீடாகப் போய், "உங்களுக்கு அண்டையா என்னைச் சேத்துக்குவீங்களா?" என்று கேட்க வேண்டும். டெர்க்கின் வேலிக் கதவுக்கு முன்னால் வந்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. கடந்து அடுத்த வீட்டுக்காரி டீனியிடம் போனாள். பிறகு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரிடம். பிறகு இளைஞன் ஸ்டெஃபிடம். மூன்று பேரும் ஆளுக்கொரு கோப்பை திராட்சை தின்று சரியென்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் சம்மதித்த பிறகு அவர் ஒருவரால் எப்படி மறுக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

டெர்க் கதவைத் திறந்து அவளைப் பார்க்காமல் ஜாடியைப் பார்த்தார்.

"நாலாவது ஆளா நான்?"

"டெர்க், நான் உங்ககிட்ட..."

"டீனி போன் பண்ணியாச்சு. அடியில கிடக்குற நாலு திராட்சைய எனக்குக் கொண்டுவந்திருக்க, பொண்ணே. அது பரவாயில்ல. மூணு பேரைச் சேத்துக்கிட்டு வந்திருக்க பாரு, நான் முடியாதுன்னா தெருவுக்கே நான்தான் கெட்டவன்னு ஆகட்டும்னு. அது நல்லால்ல."

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்தினார்.

அன்று லாரிக்குள் உட்கார்ந்து ஹெர்மீன் வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். பயத்தில் தாண்டிப் போனேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயம்தானா? அவரை மடக்கலாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்ததே, அதைத்தானே அவர் பிடித்துவிட்டார்? அந்த வீடு தன் கையைவிட்டுப் போவதைவிட, அதை இப்படி வாங்கியிருந்தால் தினமும் அந்த வேலியைத் தாண்டி எப்படி நடந்திருப்பேன் என்பதுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் வேறு யாராக இருந்தாலும் மன்னிப்பு கேட்க ஒரு பூச்செண்டு வாங்கியிருப்பார்கள். ஹெர்மீன் வேலை முடிந்ததும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மணல்பாதைக்குப் போய், டீனியின் கதவைத் தட்டினாள்.

"நேத்து நீ சொன்ன சரியைத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

டீனி இடுப்பில் கை வைத்தாள். "என்னது?"

"வரிசை தப்பிக் கேட்டுட்டேன். நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்க."

"திராட்சைய என்ன பண்றது? அது எங்கயோ இறங்கிப் போயிருச்சே."

"அத வச்சுக்க."

"இந்த ஊர்ல என்னெல்லாமோ பாத்திருக்கேன், ஹெர்மீன். வாங்கின சரியத் திருப்பிக் குடுக்க வந்தவளப் பாத்ததில்ல. இரு, பக்கத்துல சொல்லிட்டு வரேன்."

"நீ சொல்லாத. நானே போறேன்."

மருத்துவர் காரணம் கேட்கவில்லை. "நேத்து நான் வீட்லயே இல்ல, சரியா?" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஸ்டெஃப் அந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் விளையாடுகிறாள் என்று முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "சரி, வாபஸ்," என்று கையை நீட்டினான். வாங்கிய எதையோ திருப்பிக் கொடுப்பதுபோல இருவரும் கைகுலுக்கினார்கள்.

அந்தத் தெருவில் ஜன்னல்களுக்குத் திரை போடுவதில்லை. டெர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். வேற யாரையும் கேக்கல. உங்களத்தான் முதல்ல கேக்கறேன்."

"ஜாடி?"

"தீந்துபோச்சு. வெறுங்கையோட வந்திருக்கேன்."

"பூட்ஸக் கழட்டு."

சமையலறையில் உட்கார வைத்தார். காப்பி கொடுக்கவில்லை. தள்ளுவண்டியை மேசையோரம் நிறுத்திவிட்டு எதிரே அமர்ந்தார்.

"அன்னிக்கு இருந்த அதே பால் இன்னிக்கு என் தொட்டியில இருந்தா எடுப்பியா?"

வீடு அந்த ஒரு வார்த்தையில் நின்றது. எடுப்பேன் என்றால் போதும். இப்போது தொட்டியும் இல்லை, மாடும் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அவள் ஜன்னல் வழியே தெரிந்த பேரிக்காய் மரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மாட்டேன், டெர்க்."

"அந்தப் பால் நல்லாத்தான் இருந்துச்சு."

"இல்ல. நல்லா இல்ல."

அவர் மேசைவிரிப்பின் ஒரு மடிப்பை நீவி நீவிச் சமன் செய்துகொண்டிருந்தார்.

"எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வச்சுக்க. உன்கிட்ட ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவேன். என்ன பண்ணுவ?"

"உங்க மூஞ்சியப் பாப்பேன். டாக்டரக் கூப்பிடுவேன்."

"நான் வேண்டாம்னு கத்தினா?"

"கத்துங்க. கூப்பிடுவேன்."

"பென்னி கூப்பிடமாட்டான்," என்றார் டெர்க். "தங்கமான மனுஷன். நான் என்ன சொன்னாலும் நம்பிருவான். போன டிசம்பர்ல அப்படித்தான் நம்பிட்டுப் போய்த் தூங்கிட்டான். விடியிற வரைக்கும் நான் இந்த நாற்காலியிலயே கிடந்தேன். அவன்கிட்ட இதச் சொல்லாத, வருத்தப்படுவான்."

எழுந்து காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தார்.

"சரி. உன்னச் சேத்துக்கறேன். இதக் குடிச்சிட்டு மத்தவங்களப் போய்க் கேளு. டீனிய அடுத்து கேக்காத. கடைசியா கேளு. என்ன ஆச்சுன்னு தெரியாம அவ போனும் கையுமா கொஞ்சம் அவதிப்படட்டும்."

ஆறு வாரம் கழித்து நகரத்தில் நோட்டரியின் அறையில் பத்திரம் படிக்கப்பட்டது. ஒரு பக்கம் பென்னி, ஒரு பக்கம் ஹெர்மீன். பாதி படித்திருக்கும்போது கதவு திறந்தது. ஸ்டெஃபின் காரில் ஏறி வந்த டெர்க், சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற கறுப்புக் கோட்டோடு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

நோட்டரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ஐயா யாரு? குடும்பத்து ஆளா?"

"பக்கத்து வீடு," என்றார் டெர்க்.

நோட்டரி ஹெர்மீனைப் பார்த்தார். அவள் எழுந்து தன் நாற்காலியை டெர்க்குக்கு நகர்த்தினாள். சுவரோரமிருந்த இன்னொன்றை இழுத்து, அவருக்கு இடதுபுறமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து படிங்க," என்றார் டெர்க். "கொஞ்சம் நிதானமா. யாரு வராங்கன்னு நானும் தெரிஞ்சுக்கணும்."

நோட்டரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.