ரிவர்ஸ் அக்காவும் இரண்டு சம்பந்திகளும்

துறைமுகத் தெருவில் அவளை எல்லோரும் ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கு அங்கே ஒரு கயாக் கடை. காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான பிளாஸ்டிக் படகுகளை வாடகைக்கு விடுவான். கடலோரப் பாறைகளையும் குகைகளையும் பார்க்க வருகிறவர்களை வழிகாட்டியோடு அனுப்புவான். அந்த வழிகாட்டிதான் அக்கா. குகைக்குள் யாரையும் மூக்கை நீட்டிக்கொண்டு நுழைய விடமாட்டாள். வாசலிலேயே படகைத் திருப்பச் சொல்லி, பின்பக்கமாக உள்ளே போக வைப்பாள். அப்போதுதான் வருகிற அலை கண்ணுக்குத் தெரியும்; அவசரம் என்றால் நேரே வெளியே வந்துவிடலாம்.

"முட்டுச்சந்துல வண்டிய எப்படி விடுவீங்க? ரிவர்ஸ்லதான? அதே கதைதான் இதுவும்" என்பாள்.

வண்டிப் பேச்சு சும்மா வரவில்லை. கடலுக்கு வருவதற்கு முன்னால் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். மாணவர்கள் மேல் ஒருநாளும் கத்தியதில்லை. கத்தினால் புதிதாகப் படிக்கிறவனுக்குத் தன் கால் எது, கை எது என்பதே மறந்துபோகும் என்பது அவள் கட்சி. கத்த வேண்டிய அவசியமும் அவளுக்கு இருந்ததில்லை. அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. எதிரே லாரி வரும்போது மாணவன் கண்ணை மூடிக்கொண்டாலும், இவள் பழ விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே நிதானமாக மிதிப்பாள். வண்டி நின்றபிறகுதான் அவன் கண்ணைத் திறப்பான், தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வான். அதையும் அவள் திருத்தமாட்டாள்.

பள்ளி முதலாளிக்கு வயதாகி, கார்களை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொண்டார். அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். சமையலறை அலமாரியை வாரத்துக்கு ஒருமுறை மாற்றி அடுக்கினாள். சர்க்கரை இருந்த இடத்தில் உப்பு வந்தது, உப்பு இருந்த இடத்தில் விளக்குத் திரி வந்தது. அவள் கணவர் ரொட்டிக் கடையில் இரவு வேலை செய்கிறவர். பகலில்தான் தூங்க வேண்டும். கட்டிலையும் ஜன்னல் பக்கமாக நகர்த்தப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மைத்துனன் கடைக்குப் போனார்.

"மச்சான், உங்க அக்காவுக்கு ஏதாவது ஒரு வேலை குடு. இல்லன்னா எனக்கு இங்க படுக்க ஒரு இடம் குடு."

தம்பி அவளைக் கல்லாவில் உட்காரவைத்தான். வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அளவு பார்த்து மாட்டுவதும், திரும்பி வந்ததும் உப்புத் தண்ணீர் போகக் கழுவிக் காயப்போடுவதும் அவள் வேலை. செய்தாள். ஆனால் கண் முழுக்கக் கடல் மேலேயே இருந்தது. கடையில் இருந்த வழிகாட்டி கப்பல் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, நான் போகிறேனே என்றாள். தம்பி சிரித்தான். சிரிக்க நியாயம் இருந்தது, அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஊர் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். மாஸ்டர் அவளைப் பெரிய பாப்பா என்று கூப்பிட்டார். அவளும் வஞ்சனை இல்லாமல் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடலில் கயாக்கைக் கவிழ்க்கவும், கவிழ்ந்ததில் மறுபடி ஏறவும் பழகினாள். வழிகாட்டிப் பரீட்சையில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறினாள். குகைக்குப் பின்பக்கமாகப் போவதைப் பார்த்துத் தம்பி பக்கத்துக் கடைக்காரர்கள் முன்னால் கேலி செய்தான், பெயரும் வைத்தான். அதே வாரம் அவன் மூக்கை நீட்டி ஒரு குகைக்குள் போய், பின்னால் வந்த அலையில் அகப்பட்டு, திரும்ப இடமில்லாமல், புதுக் கயாக்கின் ஒரு பக்கம் முழுக்கப் பாறையில் தேய்த்துக்கொண்டு வந்தான். மறுநாளிலிருந்து அவனும் வாசலில் படகைத் திருப்பினான். பெயர் மட்டும் அக்காவோடு ஒட்டிக்கொண்டது.

கடலில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். அடுத்தவர் படகுக்கு இவள் பக்கத்தில் பிரேக் கிடையாது. யாராவது பாறையைப் பார்த்துப் போனால் இவளுடைய வலது கால் தானாகவே தன் கயாக்கின் தரையை அழுத்தும். சாயங்காலம் முழங்கால் வலிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வரும்போதுதான் கணவர் எழுந்திருப்பார்; தலையைக்கூடச் சீவாமல், இன்றைக்கு யார் கவிழ்ந்தார்கள் என்று கேட்பார். செய்தித்தாள் வாங்குவதையே அவர் நிறுத்தியிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி அவரவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. பெண்ணின் அம்மா வங்கியில் அதிகாரி. பையனின் அம்மாவுக்குச் சொந்தமாக மருந்துக்கடை. இரண்டு பேருமே தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவர்கள், வேலை இடத்தில் நான்கு பேரை அதட்டி மேய்க்கிறவர்கள். பையன் அக்காவைத் தனியாக ஓரம்கட்டினான். சம்பந்திகள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லையா என்று அக்கா கேட்டாள்.

"ஒத்துப்போறதுதான் அக்கா பிரச்சனை" என்றான் அவன்.

மண்டபம் எது என்று கேட்டால், உங்கள் இஷ்டம் சம்பந்தி என்கிறார் ஒருவர். இல்லையில்லை, உங்கள் இஷ்டம்தான் என்கிறார் மற்றவர். பத்திரிகை என்ன நிறம், சாப்பாடு யார் பொறுப்பு, பெண்ணுக்கு எந்தப் புடவை, எதைத் தொட்டாலும் இதே பாட்டு. கல்யாணம் நெருங்கிவிட்டது, ஒரு காரியமும் முடிவாகவில்லை. மனசுக்குள் பெண்ணின் அம்மாவுக்கு ஏரிக்கரை மண்டபமும் பையனின் அம்மாவுக்கு வேறொரு மண்டபமும் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியே சொன்னால் மரியாதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். கடல் காற்றுப் பட்டால் கொஞ்சம் தளர்வார்களோ என்று கூட்டி வந்திருந்தார்கள்.

இரட்டைக் கயாக்கில் யாரை யாரோடு உட்காரவைப்பது என்பது வழிகாட்டியின் வேலையில் பாதி. அக்கா ஜோடியை ஒன்றிலும், சம்பந்திகளை ஒன்றிலும் போட்டாள். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுகிற வேகத்தை முடிவு செய்வார், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார் என்று மணலிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். முன்னால் யார் உட்காருவது என்பதில் தொடங்கியது. நீங்கள் உட்காருங்கள், ஐயோ நீங்கள்தான் உட்காரணும் என்று கயாக்கின் இரண்டு பக்கமும் நின்று உபசாரம் நடந்தது. கடைசியில் ஒரு சின்ன அலை வந்து வங்கியம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்தது.

கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்தது. பாறைச் சுவர் செங்குத்தாக மேலே போக, அதன் இடுக்குகளில் கடல்பறவைகள் உட்கார்ந்து கீழே போகிறவர்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டன. ஜோடி ஒழுங்காகப் போனது. சம்பந்திகளின் கயாக் மட்டும் நடந்து போகிறவனைவிட மெதுவாக வந்தது. பின்னால் இருந்த மருந்துக்கடையம்மா, முன்னவர் துடுப்பை வைக்கட்டும் என்று காத்திருந்தார். முன்னவர், பின்னால் இருப்பவர் களைத்துவிட்டாரோ என்று நின்று நின்று திரும்பிப் பார்த்தார். நடுவில் இருவரும் ஒருவர் லைஃப் ஜாக்கெட்டின் நிறத்தை மற்றவர் பாராட்டிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே ஆரஞ்சு.

பெரிய குகைக்கு வந்தார்கள். ஒவ்வொரு கயாக்காகத்தான் உள்ளே விடுவது வழக்கம். சம்பந்திகளை வெளியே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள் அக்கா. நிற்பது என்றால் சும்மா இருப்பது இல்லை, தண்ணீர் இழுக்கும், அவ்வப்போது இரண்டு துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருமுறை சொன்னாள். இருவரும் மிகப் பணிவாகத் தலையாட்டினார்கள். அக்கா ஜோடியைப் பின்பக்கமாக உள்ளே நகர்த்தி, குகையின் கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடுவதைக் காட்டி, வெளியே கூட்டி வந்தாள். வந்து பார்த்தால் சம்பந்திகளைக் காணோம்.

பெரிய குகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிளவு இருந்தது. யாரையும் அவள் அங்கே கூட்டிப் போவதில்லை. அகலம் போதாது. சம்பந்திகளின் கயாக் இழுத்த தண்ணீரோடு நகர்ந்து நகர்ந்து அதற்குள் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு இரண்டும் மடியில் இருந்தன. நீங்கள் போடுங்கள், நீங்கள் போடுங்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பதற்றத்திலும் அக்கா ஒன்றைக் கவனித்தாள்: பின்பக்கமாக, பிசகாமல், நடுவாக நுழைந்திருந்தார்கள். அவளிடம் படித்தவர்கள் யாரும் அவ்வளவு சுத்தமாக நுழைந்ததில்லை.

உள்ளே போனதும் ஓர் அலை கயாக்கைக் குறுக்கே திருப்பிச் செருகியது. மூக்கு ஒரு சுவரில், வால் மறு சுவரில். அக்காவின் வலது கால் தரையை மிதித்தது. மிதித்துக்கொண்டே இருந்தது. ஜோடியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வாசல்வரை போனாள். அதற்கு மேல் இவள் படகுக்கு இடமில்லை. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து வீசினாள். கயிறு மிகச் சரியாக இருவருக்கும் நடுவில் விழுந்தது.

"நீங்க புடிங்க சம்பந்தி" என்றார் வங்கியம்மா.

"பரவால்ல, உங்களுக்குத்தான் கிட்டக்க இருக்கு."

கயிறு வழுக்கித் தண்ணீருக்குள் போனது. பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்தாற்போல் வரும், பிறகு கொஞ்சம் ஓயும். ஓய்வு முடிகிற சமயம் அது. தூரத்தில் கடல் மடிப்பு மடிப்பாக எழுவது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொடுக்கும்போது கத்தியதே இல்லை. இப்போது வயிற்றிலிருந்து கத்தினாள்.

"யாராவது ஒருத்தர் அதிகாரம் பண்ணுங்கம்மா. மரியாதைய கரையில வந்து பாத்துக்கலாம்."

அலை வந்தது. கயாக்கைத் தூக்கி, சுவரில் ஒரு இடி இடித்து, கீழே போட்டது. ஹெல்மெட் பாறையில் உரசிய சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்டது மருந்துக்கடையம்மாவின் குரல். குகை அதை நாலு மடங்காக்கி வெளியே அனுப்பியது.

"ஏ, துடுப்ப சுவர்ல ஊனித் தள்ளுடீ. வலது பக்கம். உனக்கு வலது எதுன்னே தெரியாதா?"

தள்ளி நின்ற கயாக்கில் பையன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வங்கியம்மா பேசினார்.

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். நீ மொதல்ல பின்னாடி சும்மா உக்காந்திருக்கறத நிறுத்து. மண்டபத்துலயும் இப்படித்தான், உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னு சொல்லியே என் உயிர எடுத்த."

"நான் சொன்னனா? நீதான சொன்ன. எனக்கு அந்த ஏரிக்கரை மண்டபமே பிடிக்கல. கொசு."

"பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான. தள்ளு. ஒண்ணாத் தள்ளு."

கொசு என்ற சொல் குகைக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இருவரும் சேர்ந்து சுவரைத் தள்ளினார்கள். மூக்கு விடுபட்டது. வங்கியம்மா வேகம் சொல்ல, மருந்துக்கடையம்மா அதை மறுத்து வேறு வேகம் சொல்ல, எப்படியோ இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தில் அடுத்த அலை வருவதற்குள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டே அக்காவைத் தாண்டி, ஜோடியைத் தாண்டி, கரையைப் பார்த்துப் போனார்கள். அக்கா பின்னாலேயே துரத்த வேண்டியிருந்தது. கோபத்தில் போடுகிற துடுப்புக்கு அப்படி ஒரு வேகம்.

கரையில் அக்கா இருவரின் கை காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வங்கியம்மாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மருந்துக்கடையம்மா தன் கைப்பையிலிருந்து மருந்தை எடுத்துத் தடவினார், தடவும்போதே திட்டினார். வங்கியம்மா எரிகிறது என்று பதிலுக்குத் திட்டினார். அக்கா தம்பியைத் தேடிப் போனாள். அவர்களைப் பிளவுக்கு அவ்வளவு பக்கத்தில் நிறுத்தியது தன் தப்பு என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி அவளைத் திட்டவில்லை. அன்றைக்கே இரண்டு பேருமாகப் போய், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்து, சிவப்பு மிதவை ஒன்றைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

அக்காவும் தம்பியும் மிதவையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே, கடை வாசல் பெஞ்சில் ஈரத் துணியோடு உட்கார்ந்து, ஒரு டீ ஆறுவதற்குள் சம்பந்திகள் மண்டபத்தை முடித்திருந்தார்கள். ஏரிக்கரையும் இல்லை, மற்றதும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. நிறத்துக்குச் சண்டை, சாப்பாட்டுக்குச் சண்டை, எல்லாம் வாடீ போடீதான். ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் ஒரு காரியம் முடிந்தது. ஜோடிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. கணவர் வழக்கம்போல் யார் கவிழ்ந்தது என்று கேட்டார். யாருமில்லை என்றவள் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். பயந்ததையும், கத்தியதையும் சொன்னாள். அவர் சாப்பிடாமல் கேட்டார். கயிறு விழுந்த இடம் வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்க, அவளும் சேர்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அன்று இரவு அவர் ரொட்டிக் கடைக்குத் தாமதமாகப் போனார்.

அடுத்த வாரம் கடைத் தொலைபேசியில் பையன் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்மாக்கள் இருவரும் தினமும் ஒன்றாக ஜவுளிக் கடைக்குப் போகிறார்களாம். கல்யாணத்துக்குப் போட இவன் எடுத்திருந்த கோட்டு சூட்டை இருவரும் சேர்ந்து மாற்றிவிட்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் எங்கே குடியிருப்பது என்பதிலும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்களாம்.

"முன்னாடி ரெண்டு பேரையும் தனித்தனியா சமாளிச்சோம். இப்ப ஒரே கட்சியாயிட்டாங்க. பழையபடி மரியாதையா மாத்தற மாதிரி ஏதாவது குகை இருக்கா அக்கா?"

அப்படி ஒன்று இந்தக் கடற்கரையில் இல்லை என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, எந்த வீதியில் குடியிருக்கச் சொல்கிறார்கள் என்று விசாரித்தாள். நல்ல வீதிதான், காற்று வரும், பேசாமல் சரி என்று சொல்லிவிடுங்கள் என்று ஆலோசனையும் கொடுத்தாள். வாசலில் அடுத்த கூட்டம் வந்து நின்றது, மாமனாரும் மருமகனும் போல இருந்தார்கள். யார் முன்னால் உட்காருவது என்று மருமகன் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.