ஏறிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

கட்டட ஆய்வாளர் தேர்வில் தேறிவிட்டேன் என்று கடிதம் வந்த மறுநாள் காலை, ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு பெருந்துறைத் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் சைட்டுக்குப் போனேன். பத்தே நிமிஷத்தில் அந்தச் சந்தோஷம் காலி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு நூல் மில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டிப்ளமோ சிவில். கோயமுத்தூரில் ஒரு கன்சல்டன்ட் ஆபீசின் ஆளாக அந்த சைட்டில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கம்பி சரியா, சென்டரிங் பலகை சரியா, கலவை சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை பெரியது, பதவியின் பெயர் மட்டும் அசிஸ்டென்ட். சான்றிதழ் வாங்கினால்தான் இன்ஸ்பெக்டர். அதற்கு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறி, நாம் ஆய்வு செய்த பத்து வேலைகளின் ஆவணங்களையும் அனுப்ப வேண்டும். முதல் தடவை எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டேன். இரண்டாவது தடவை வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்டவரிடமே சண்டைக்குப் போய்த் தோற்றேன். வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள், தப்பில்லை. மூன்றாவது தடவைதான் தேறினேன்.

அந்த மூன்றாவது தேர்வு ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரில் நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான் பஸ்சுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ரங்கசாமி மேஸ்திரி வந்து நின்றார். நாற்பது வயதுக்காரர், வேலையில் கெட்டி, அவசரத்திலும் கெட்டி.

"அம்மணி, நாளைக்கு வாசல் சன்ஷேடு கான்கிரீட் போட்டுப்போடலாமுங்க. மிக்சர் நாளைக்கு உட்டா அடுத்த வாரந்தானுங்க கெடைக்கும். கார்டுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருங்க."

"கம்பி பாதிதானுங்க கட்டியிருக்குது?"

"பொழுது போறதுக்குள்ள முடிச்சுப்போடறனுங்க. நானென்ன நேத்தா வேலைக்கு வந்தேன்?"

கான்கிரீட் கார்டு என்பது ஓர் அட்டை. கம்பியைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, கான்கிரீட் போடலாம் என்று ஆய்வாளர் அதில் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் மிக்சரை ஓட்டக் கூடாது. ஆனால் அந்தக் காலத்தில் கார்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எல்லா சைட்டிலும் நடந்ததுதான். நானும் போட்டேன். என் மண்டைக்குள் பரீட்சையைத் தவிர வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது சன்ஷேடு வழவழவென்று இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று மேஸ்திரியைப் பாராட்டவும் செய்தேன், போங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த ஜாங்கிரி டப்பாவோடு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போனேன். கம்பி வளைக்கும் இடத்தில் டப்பாவை வைக்க ஒரு சாக்கை நகர்த்தினேன். அடியில் கட்டுக் கம்பியால் கட்டிய சேர்கள் கிடந்தன. எண்ணினேன். பதினெட்டு.

இளைய தலைமுறைக்காக இங்கே கொஞ்சம் பாடம். இந்த சன்ஷேடு சுவரிலிருந்து ஏழடி வெளியே நீண்டிருந்தது, கீழே தூண் கிடையாது. இப்படித் தொங்கி நிற்கும் ஸ்லாபுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே போய்விட்டால் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. கான்கிரீட் போடும்போது ஆட்கள் கம்பி மேல் மிதித்துத்தான் நடப்பார்கள். அது அமுங்காமல் இருக்க, ஸ்டூல் மாதிரி வளைத்த சின்னக் கம்பிகளை அடியில் வைப்போம். அதற்குத்தான் சேர் என்று பெயர். அந்த சன்ஷேடுக்காக ஐந்தரை அங்குல உயரத்தில் இருபத்துநாலு சேர் வளைக்கச் சொன்னவள் நானே. சைட்டில் வேறெங்கும் அந்த உயரம் கிடையாது.

அப்படியென்றால் உள்ளே இருப்பது ஆறுதான். அன்று காலைதான் சன்ஷேடைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றப் போவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். மத்தியானம் சித்தாள் பெண்கள் பதினோரு பேரும் சாப்பிட உட்காருவது அந்த நிழலில்தான்.

ஓடினேன். ஒருவர் முதல் முட்டின் ஆப்பைத் தட்டச் சுத்தியலை ஓங்கிவிட்டார்.

"முட்டுல கை வெக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார்.

மேஸ்திரியிடம் சேர் விஷயத்தைக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கம்பி கட்டறவரு ஒறம்பரை ஊட்டுக் கல்யாணமின்னு ஈரோட்டுக்குப் போயிட்டாருங்க. ரெண்டு கடைசியிலயும் சேர் வெச்சிருந்தாரு. வானம் வேற இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. நடுவுல கவர் பிளாக் இருக்குதேன்னு ஊத்திப்போட்டமுங்க." கவர் பிளாக் என்பது கம்பிக்கு அடியில் வைக்கும் விரல்கனக் கட்டை, அது கம்பியை மேலே தூக்கிப் பிடிக்காது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கார்டுல நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் குத்திக்காட்டவில்லை, பயத்தில் சொன்னார். ஆனாலும் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டு மில் முதலாளி வந்தார். மறுநாள் மெஷின் லாரி வர வேண்டும், அந்த வாசலில்தான் இறக்க வேண்டும். "என்னுங்க வெளையாட்டு இது? கார்டு இருக்குதல்ல, எடுத்துட்டு வாங்க" என்றார். கார்டு வந்தது.

"கையெழுத்து என்னோடதுதானுங்க. ஆனா நான் ஏறிப் பாக்கலீங்க. அன்னைக்குப் பரீட்சைக்குப் போயிட்டனுங்க."

"அந்தப் பரீட்சைக்குத்தான் இந்த இனிப்பாக்கும்?" என்றார்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மேஸ்திரி மேலே ஏறி, சுவரோரம் இடது கடைசியில் உளி வைத்தார். ஒரு அங்குலத்திலேயே கம்பி தெரிந்தது. "அப்பறம் என்னுங்க? கம்பி இருக்குதல்ல?" என்றார் முதலாளி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்று ஆசையாக இருந்தது. சான்றிதழ் தப்பிக்கும், வேலை தப்பிக்கும். ஆனால் அந்த ஆறு சேரும் கடைசிகளில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியுமே.

"நடுவுல ஒடைங்க" என்றேன்.

நானும் மேலே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு அங்குலம், இல்லை. நாலு அங்குலம், இல்லை. எட்டு அங்குல ஸ்லாபில் ஆறாவது அங்குலத்தைத் தாண்டித்தான் உளி கம்பியில் பட்டது. மேஸ்திரி உளியை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோயமுத்தூருக்கு போன் போட்டேன். எங்கள் இஞ்சினியர் சுந்தரமூர்த்தி சார், "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அதுக்குக் கீழ போகக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் சித்தாள்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தார்கள். நான் வழியை மறித்தேன். அவர்களில் மூத்தவர் மாராயி அக்கா, என்னைவிட இருபது வயது பெரியவர். "ஏனுங்க அம்மணி, இந்த வெயில்ல எங்கீங்க உக்காந்து சோறு திங்கறது?" என்று கோபித்தார். சிமெண்ட் ஷெட்டுக்குப் போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

சார் வந்து பார்த்தார். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, முட்டுகளில் நீளமாகக் கயிறு கட்டித் தூரத்தில் நின்று, நுனிப் பக்கம் தொடங்கி வரிசை வரிசையாக இழுக்கச் சொன்னார். முதல் வரிசை சாய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வரிசை சாய்ந்ததும் சுவரோரம் படீரென்று ஒரு வெடிப்பு. அடுத்த மூச்சில் சன்ஷேடு மொத்தமும் தரையில். காலடியில் பூமி அதிர்ந்தது.

தூசி அடங்கியதும் முதலாளிதான் முதலில் பேசினார். "போனாப் போகுதுங்க. ஆளுக ஆரும் இல்லியல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

யாரும் இல்லை. பதினோரு பேரும் ஷெட் வாசலில் நின்றிருந்தார்கள். நானே ஒரு தடவை எண்ணினேன். எண்ணி முடித்ததும் மணல் குவியலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. மாராயி அக்கா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சன்ஷேடை மறுபடி போட்டோம். கம்பி கட்டியதிலிருந்து கடைசிச் சட்டி கான்கிரீட் விழும் வரை நான் பலகையை விட்டு இறங்கவில்லை. மேஸ்திரியே சேர்களை எனக்கு எண்ணிக் காட்டினார்.

சான்றிதழுக்கு அனுப்பிய பத்து ஆவணங்களில் இதையும் சேர்த்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில் தொடங்கி, விழுந்தது வரை. "நல்லா யோசிச்சுக்கோ கலா. இதை விட்டுட்டு வேற ஒண்ண அனுப்பினாலும் ஆரும் கேக்க மாட்டாங்க" என்றார் சார். யோசித்தேன், அனுப்பினேன். ஆறு மாதம் சாரின் மேற்பார்வையில் வேலை செய்த பிறகு மறுபடி பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவே எனக்குப் போதும். ஆறு மாதமும் ஒவ்வொரு கார்டிலும் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேள்வித்தாள் கேட்டு வருகிறார்கள். கொடுக்கிறேன். புத்தகத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஏணியில் ஏறாமல் பேனாவைத் திறக்காதீர்கள். நான் சொல்லித் தர இருப்பது அவ்வளவுதான்.

சான்றிதழ் வந்த அன்று அதே மில்லில் குடோன் வேலை நடந்துகொண்டிருந்தது. காகிதத்தை மாராயி அக்காவிடம் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"பெரிய ஆபீசராயிட்டீங்க. இனி மேல எல்லாம் ஏற மாட்டீங்களாக்கும்?"

"இல்லீங்கக்கா. இனிமேத்தான் ஏறோணும்."

"ஏறுங்க ஏறுங்க," என்றார் அவர், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி. "நாங்க கீழதானுங்க உக்காந்திருக்கறோம்."