மணிமேகலையின் கேஸ் மாத்திரை

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான் மணிமேகலையின் வீடு. பாப்பாரப்பட்டிக்கு அவள் வந்து பதினோரு வருஷமாகிறது. ஒண்டிக்கட்டை. காலையிலிருந்து சாயங்காலம் வரை புளி தட்டுவாள். மண்டியிலிருந்து வரும் பழத்தை ஓடு நீக்கி, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே தட்டுவோம். அவள் மட்டும் தன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து தட்டுவாள்.

எனக்கு அவளைக் கண்டால் ஆகாது என்றில்லை. ஆனால் தலைக்கனம் பிடித்தவள் என்று நினைத்திருந்தேன். ஒகேனக்கலுக்கு வேன் வைத்துப் போனோம், வரமாட்டேன் என்றுவிட்டாள். கிணற்றடிக்குத் துணி துவைக்கக் கூப்பிட்டால் வரமாட்டாள். குளிக்கும்போதுகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். "கூச்ச நாச்சம் இல்லாதவ" என்று அவள் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்திருக்கிறேன். சிரித்துக்கொள்வாள். மாதம் ஒருமுறை பஸ் ஏறித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள். காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று. என்ன மாத்திரை என்று கேட்டால், "வயித்துக் கேஸுக்குங்க்கா" என்பாள். இத்தனை வருஷம் தீராத கேஸ் என்ன கேஸ் என்று நானும் யோசித்ததில்லை.

போன பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. நாற்பது வயதில் வந்தால் முத்து முத்தாக உடம்பெல்லாம் இறங்கிவிடும். தெருவில் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டதால் பயமில்லை. நான்தான் வாசலில் வேப்பிலை செருகினேன், கூழ் கரைத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி அவள் மாத்திரை அட்டையை எடுத்தபோது எனக்குப் பகீரென்றது.

"என்ன காரியம் பண்ற? ஆத்தா வந்து எறங்கியிருக்கற வூட்டுல மாத்திரை முழுங்குவாங்களா? அவளுக்குக் கோவம் வந்தா கண்ணைக் கெடுத்துப்புடுவா. கேஸ் மாத்திரைதான, மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் நிறுத்துனா செத்தா போயிடுவ?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் கொண்டுபோய் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், பதிலில்லை. ஓடினேன். நல்லவேளை, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தரையில் கை கால் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வலிப்புக்கு இரும்பு. பக்கத்திலிருந்த புளி தட்டும் கம்பியை எடுத்து அவள் கையில் திணித்து, விரல்களை இறுக்கி மூடினேன். இழுப்பு நிற்கவில்லை. அந்தக் கை வெட்டிய வேகத்தில் கம்பி அவள் நெற்றியிலேயே போய் இடித்து, ரத்தம் கொட்டியது. அலறிக்கொண்டு 108-க்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதும், கிளம்பும்போது அலமாரியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக் கொண்டுபோயிருந்த அட்டையை நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது வலிப்புக்கான மாத்திரைங்கம்மா. இதைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், நிக்காமயும் போகலாம். அதுவும் காய்ச்சல் வேற. உயிருக்கே ஆபத்துங்க. அம்மை வந்தாலும் இதை விடக்கூடாது. யாருங்க நிறுத்தச் சொன்னது?"

அரை மயக்கத்தில் கிடந்த மணிமேகலைதான் பதில் சொன்னாள்.

"நானாத்தாங்க நிறுத்துனேன்."

டாக்டரம்மா நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். "இன்னொரு தரம் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கடியில துணி வைங்க, கடிகாரத்துல நேரம் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா 108-ஐக் கூப்பிடுங்க. கையில, வாயில எதையும் திணிக்காதீங்க. இந்தக் காயம் வலிப்புல பட்டதில்லை, இரும்புல பட்டது." அவளிடம், ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போட வேண்டும், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது, தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினாள். எல்லாம் தெரிந்தவள்தான்.

அன்றைக்குத்தான் கதை வெளியே வந்தது. இண்டூரில் கட்டிக்கொடுத்த மூன்றாம் மாதம் அடுப்படியில் வலிப்பு வந்திருக்கிறது. மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று புருஷன் அன்றே அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டான். அம்மா செத்தபிறகு, யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து இங்கே வந்திருக்கிறாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல மணி? நான் அட்டையைப் புடுங்கியிருப்பனா?"

"சொன்னா நீங்களும் வரமாட்டீங்கன்னு நெனச்சேங்க்கா. எனக்கு நீங்க ஒருத்தர்தான வர்றீங்க."

அவள் பயந்தது பொய்யில்லை. முத்து உதிர்ந்து, மூன்று தண்ணீரும் ஊற்றி எழுந்தபிறகும், தெரு அவள் வாசலை ஒதுங்கியே போனது. இப்போது அம்மைக்காக இல்லை. தெருவில் ஒரு வளைகாப்புக்கு வெற்றிலைபாக்கு எங்கள் வீடு வரை வந்து, எதிர்வீட்டுக்குப் போகாமல் திரும்பியது. நான் சண்டை போட்டேன். யார் கேட்கிறார்கள்? அவள் பழையபடி வீட்டுக்குள் உட்கார்ந்து தட்டினாள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும் வெளியே வரும்.

என்னால் முடிந்தது ஒன்று. காலையும் ராத்திரியும் எட்டு மணிக்கு வாசலில் நின்று, "மணி, மாத்திரை போட்டியா?" என்று குரல் கொடுப்பேன். "போட்டுட்டேங்க்கா" என்று பதில் வரும்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி பதில் வரவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். விளக்கு எரிந்தது. ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளருமாக, சுவரில் சாய்ந்து, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி வாயத் தொறக்கல? உசுரே போயிடுச்சு எனக்கு."

"சும்மாதாங்க்கா. இன்னொருக்கா கேப்பீங்களான்னு பாத்தேன்."

வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி வைதேன். அவள் சிரித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வாசல் வரை வந்த நான், போக மனமில்லாமல் அங்கேயே நின்று, முழுங்கியதைக் கண்ணால் பார்த்தபிறகும் இன்னொரு தரம் கேட்டேன்.

"மணி, மாத்திரை போட்டியா?"