வாசலில் விட்டுப்போகும் பைகள்

மாலை நாலு பத்துக்கு அந்தச் சுப்பர் மார்க்கட்டின் முன் ஷட்டர் விழுந்தது. அது கடை சாத்துகிற நேரம் அல்ல. என் மகள் உள்ளே இருந்தாள். நான் எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் நின்றிருந்தேன். டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், "ரெண்டு நிமிஷம்ப்பா, ஷாம்பு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

அதை நடத்தும் நிறுவனத்துக்குக் கண்டியில் ஒரே ஒரு கடை இருந்த காலத்திலிருந்தே எனக்கு அதைத் தெரியும். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் கண்டிக்குப் படிக்க வந்தபோது, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சாமான்களைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர்கள் நிறுத்துச் சுற்றித் தருவார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தத் தெருவில் எரிந்த தமிழர் கடைகளில் சில திரும்பத் திறக்கவேயில்லை. பக்கத்துத் துணிக்கடைக்காரர் எரிந்த கட்டடத்தை விற்றுவிட்டு இந்தியாவுக்குப் போனார். இவர்கள் அதை வாங்கி, நடுச்சுவரை இடித்து, வரிசை வரிசையாகத் தட்டுகள் வைத்தார்கள். வேண்டியதை நாமே எடுக்கலாம் என்றார்கள். முதல் தடவை என் மனைவி கூடையோடு சோப்புத் தட்டின் முன் வெகுநேரம் நின்றாள். "யாரும் வர மாட்டேங்கிறாங்களே, நம்மளா எடுத்தா ஏசுவாங்களோ?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

பிறகு பேராதனைப் பக்கம் ஒன்று, கெலிஓயாவில் ஒன்று, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. யுத்தமும் கூடவே வளர்ந்தது. புதுக் கிளைகளில் குளிரூட்டி வந்தது, பாண் சுடும் அடுப்பு வந்தது, வாசலில் பை வைக்கும் தட்டும் வந்தது. குண்டுக்குப் பயந்து எவருடைய பையையும் உள்ளே விடுவதில்லை. பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, காசை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போவோம். மற்றவர்களுக்கு அது ஒரு சின்னத் தொல்லை. ஆனால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் அடையாள அட்டை பைக்குள்ளேதான் இருக்கும்; அது கையில் இல்லாமல் பொலிஸில் அகப்பட்டால் கொண்டுபோய்விடுவார்கள். தொலைந்துவிடக் கூடாதென்று, பிள்ளைகளின் பைக்குள் தனியாக ஒரு ஜேப்பு வைத்துத் தைத்து, அதில் வைத்திருப்போம்.

அன்று அந்தத் தட்டில் யாருடையது என்று தெரியாத பார்சல் ஒன்று இருந்திருக்கிறது. காவலாளி கேட்டும் ஒருவரும் முன்வரவில்லை. ஷட்டரைப் போட்டு, ஆட்களைப் பின்கதவால் பின்னாலுள்ள சந்துக்குள், ஒழுங்கைக்குள் அனுப்பினார்கள். ஒழுங்கை முனையில் பொலிஸார் ஒவ்வொருவரிடமும் அட்டை கேட்டார்கள். இது தெரியாமல் நான் முன்பக்கமே காத்திருந்தேன். விஷயம் தெரிந்து சுற்றிக்கொண்டு ஓடியபோது ஜீப் போய்விட்டிருந்தது. கடையில் காசு வாங்கும் பெண் ஒருத்தி, நீலப் பாவாடை கட்டிய தமிழ்ப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

கிளையின் மனேஜர் நடைபாதையில் நின்றிருந்தார். மடவளையில் சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இந்தக் கிளை திறந்த பிறகு அதை மூடிவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தவர். மகளைக் கொண்டுபோனதையும், அவள் அட்டை உள்ளே தட்டிலிருக்கும் பையில் இருப்பதையும் சொன்னேன்.

"தொறக்க ஏலா சேர். ஆமி வந்து பாக்காம நானும் உள்ளுக்குப் போக ஏலா," என்றார். "மகள்ட பேக் எது?"

"பச்சை. முன்னால ஒரு பட்டன் கழண்டிருக்கும்."

"நீங்க பொலிஸுக்குப் போங்க. நான் கொண்டாறேன்."

மகள் பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க ஏன்ப்பா வந்தீங்க? ஒங்க கார்ட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். "மேசையில இருக்கிற சார்ஜன் மூணு தடவை பேர் கேட்டுட்டாரு. எழுத வரல்ல போல," என்று சிரிக்கப் பார்த்தாள்.

சார்ஜன் மரியாதையாகவே பேசினார். அட்டை வந்தால் விட்டுவிடுவார். இருட்டுவதற்குள் வராவிட்டால் கொழும்புக்குப் போகும் வண்டியில் அவளையும் ஏற்ற வேண்டும். அது தன் கையில் இல்லை என்றார். அப்படிக் கொழும்புக்குப் போன, நான் படிப்பித்த பையன் ஒருவனை அவனுடைய தாய் அப்போதும் தேடிக்கொண்டிருந்தாள்.

முற்றத்து வெயில் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வண்டி வந்து நின்றது. சாரதி இறங்கி, தின்னக் கொடுத்த பணிஸோடு தேநீர் குடித்தான். அவன் மெதுவாகக் குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மகள் என் விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இப்போதும் சில நாட்களில் என் கையில் தெரிகிறது, அவள் தொலைபேசியை எடுக்கத் தாமதித்தால்.

சாரதி கோப்பையைக் கழுவப் போன நேரம் கேற்றடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மனேஜர் இறங்கினார். டை அவிழ்ந்து தொங்கியது. இரண்டு தோளிலும் பைகள். தட்டில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். பச்சைப் பையை எடுத்துச் சார்ஜனின் மேசையில் வைத்தார். மகள் எழுந்துபோய் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சார்ஜன் அதன் படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

"கருவாடு சேர்," என்றார் மனேஜர், இன்னும் மூச்சு வாங்க. "ஆமி வந்து பிரிச்சுப் பாத்தாங்க, அந்தப் பார்சல்ல கருவாடு. யாரோ மறந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க." பிறகு, கடைக்காரர்களுக்கே உள்ள பழக்கத்தில், "நாளைக்கு ஒம்பது மணிக்குத் தொறப்போம். வாங்க," என்றார்.