மூன்று டீச்சர்களும் கிழங்கான் மீனும்

அப்போது நாங்கள் மூன்று பேரும் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்தோம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய விடுதியில் மூவருக்கும் ஒரே அறை. நான் விருதுநகர்க்காரி. இன்னொருத்தி சிவகாசி, அவளுடைய அப்பா ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. மூன்றாமவள் வேம்பார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவளுடைய அப்பாவும் அண்ணன்மாரும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

எங்கள் பக்கத்துச் சந்தைக்குக் கடல்மீன் கருவாடாகத்தான் வரும். நானும் சிவகாசிக்காரியும் அதை வாங்கி ஆசையோடு பொரிக்கும்போதெல்லாம் கடற்கரைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

"இத மீனுன்னு சொல்லாதீங்கடி. பொங்கல் லீவுக்கு எங்க ஊருக்கு வாங்க. கரையில நின்னு நீங்களே பிடிச்சுத் தின்னுங்க."

போனோம். எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பஸ் மாறி மாறிப் போய், கரிசல் காடு முடிந்து பனையும் மணலும் வந்ததும் நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை நான் கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். தூண்டில் என்றால் கம்பும் கயிறும் என்று நினைத்திருந்த எனக்குக் கடற்கரைக்காரி தந்தது வெறும் நைலான் நரம்பு. ஒரு கட்டையில் சுற்றி, முனையில் முள்ளும் கொஞ்சம் மேலே ஈயக் குண்டும் கட்டியிருந்தது. இறாலைக் கிள்ளி முள்ளில் செருகி, தலைக்கு மேல் சுழற்றி எறிய வேண்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டி விழ வேண்டுமானால் முழங்கால் தண்ணீரில் நின்றுதான் எறிய முடியும். சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் மூவரும் சேலையை ஏற்றி இடுப்பில் சொருகிக்கொண்டோம். பின்னால் இந்த முழங்கால்தான் பெரிய பேச்சானது.

முதல் மீன் சிவகாசிக்காரிக்குத்தான் விழுந்தது. வெள்ளிக் குச்சி மாதிரி ஒரு கிழங்கான். அவள் போட்ட கூச்சலில் தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெகுநேரம் ஒன்றும் விழவில்லை.

"கையால பிடிக்காத, விரலால கேளு. ரெண்டு தடவ வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும். அப்பச் சுண்டு" என்றாள் கடற்கரைக்காரி.

அந்த வெடுக்கு என் ஆள்காட்டி விரலில் வந்தபோது நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. மீன் கரையில் துள்ளிக்கொண்டிருந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல குடும்பத்துப் பெண், டீச்சர், பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்று யார் யாரோ சொல்லி வளர்த்ததெல்லாம் அந்தக் காலையில் மறந்தே போயிற்று.

வெயில் ஏறியபோது ஒரு பிளஷர் கார் மணலோரம் வந்து நின்றது. நாலைந்து ஆண்கள் இறங்கினார்கள். சிவகாசிக்காரி என் காதில் கிசுகிசுத்தாள்.

"ஏட்டி, அந்தச் செவத்த ஆளு நம்ம பள்ளிக்கூட மானேஜரோட மருமகன். வெடி ஏஜென்சி வச்சிருக்காரு."

தீபாவளி சீசன் முடிந்து ஓய்வாக மீன்பிடித்து விளையாட வந்திருந்தார்கள். உருளை வைத்த பெரிய தூண்டில்கள், தொப்பி, காருக்குள் பாட்டில். வேட்டியை அவிழ்த்துக் காரில் போட்டுவிட்டுப் பட்டாபட்டி டிராயரோடு தண்ணீரில் இறங்கினார்கள். மதியம்வரை ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் ஓலைப் பெட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

கடைசியில் அந்த மருமகன் எங்களிடம் வந்தார். சிவகாசிக்காரி பணிவாகக் கும்பிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்பதையும் சொன்னாள்.

"அடடே, நம்ம டீச்சர்களா! பலே ஆளுகதான் நீங்க. எங்களுக்கும் ரெண்டு மீனு தருவீகளா?"

எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை. ஆனால் கடற்கரைக்காரி, "ஊருக்கு வந்தவுக பசியோட போகக் கூடாது" என்று பனையோலையைக் கொளுத்தி, உப்பும் மிளகாயும் தடவிச் சுட்டுக் கொடுத்தாள். அவர்கள் தள்ளி ஒரு பனை நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். மருமகன் மறுபடியும் வந்து கேட்டு வாங்கிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. எங்களோடு அவர்களும், அவர்களோடு நாங்களும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் மானேஜர் மூவரையும் கூப்பிட்டுவிட்டார். தலைமையாசிரியை ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டது நெசமா? தொட தெரியச் சேலயத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கண்ட ஆம்பளைகளுக்கு மீன் சுட்டுப் போட்டீகளாமே? பிள்ளைகளுக்கு இதத்தான் சொல்லிக்குடுக்கப் போறீகளா?"

முழங்கால் அதற்குள் தொடையாகியிருந்தது. யாரும் பதில் சொல்வதற்கு முன்பே அவர் என்னையும் சிவகாசிக்காரியையும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நல்ல குடும்பம். யாரு கூட்டிட்டுப் போனதுன்னு எனக்குத் தெரியும்." பிறகு கடற்கரைக்காரி பக்கம் திரும்பினார். "படிப்பு வந்துருச்சு. கடற்கரைப் புத்தி போகல."

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"உங்க மருமகனும் அங்கனதான் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தாரு. இவ சுட்ட மீனத்தான் தின்னாரு. பத்தாதுன்னு ரெண்டாந்தரமும் வந்து வாங்கித் தின்னாரு. அவரையும் கூப்பிட்டு விசாரிங்கய்யா" என்றேன்.

அவர் மேஜையில் அடித்தார். "அவரு ஆம்பள!"

"பேதுருவும் மீன் பிடிச்சவருதான். அதயும் நாமதான பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கோம்?"

"எனக்கே வேதம் சொல்லித்தாறியா?"

அதுவரை இருந்த மரியாதை அத்தோடு போயிற்று. அந்த நேரத்தில்தான் சிவகாசிக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு மொதல்லருந்தே இஷ்டமில்லய்யா. இவதான் வா வான்னு கூப்பிட்டா."

முதல் மீனைப் பிடித்துவிட்டுக் கடற்கரை முழுக்கக் கூவியவள்! அவளை அங்கேயே அறைந்திருப்பேன். கடற்கரைக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

காலை ஜெபத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவள் மட்டும்தான். அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை.

"நான் தின்ன சோறு, படிச்ச படிப்பு, எல்லாம் எங்க வீட்டுல மீன் பிடிச்சு வந்ததுய்யா. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். நானும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றபோது, "உன் தம்பி படிப்ப யாரு பாக்க? பேசாம இரு" என்று அதட்டினாள். விடுதிக்குத் திரும்பியதும் என் படுக்கையை எடுத்து வேறு அறையில் போட்டுக்கொண்டேன். சிவகாசிக்காரி எத்தனையோ முறை பேச வந்தாள். அவளுக்கு மானேஜர்மேல் பயம், அப்பா திட்டுவார் என்ற பயம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தோன்றவும் இல்லை.

என்னை எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்து ஒன்றாம் வகுப்புக்குப் போட்டார்கள். அது கிடக்கட்டும். கடற்கரைக்காரிக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளையும் ஒரு வாத்தியார்தான். அவர் வீட்டார் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதை வேறாகியிருந்தது: டீச்சர்கள் ஆண்களோடு காரில் போனார்களாம், காருக்குள் பாட்டில் இருந்ததாம். பாட்டில் இருந்தது உண்மைதான். யாருடைய பாட்டில் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் வெகுநாள் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சில வருஷங்கள் கழித்து, நானும் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு, விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குத் தங்கையோடு போயிருந்தேன். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் தடித்திருந்தார். அந்த மருமகன்தான். பக்கத்தில் அவருடைய மனைவி.

"டீச்சர், நல்லாருக்கீகளா? அன்னைக்குக் கடற்கரையில சுட்டுத் தந்தீகளே, அந்த ருசி அதுக்கப்புறம் எங்கயுமே கிடைக்கல. வருசா வருசம் போயிட்டுத்தான் இருக்கோம்."

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. இலையில் சோறு விழுந்திருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அந்த மீனச் சுட்டுத் தந்தவளுக்கு வேல போச்சு. கல்யாணம் நின்னுச்சு. உங்களுக்கு ருசி கேக்குதா?"

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே டீச்சர். மாமாகிட்ட சும்மா சிரிப்பாத்தான சொன்னேன்" என்றார்.

அவருடைய மனைவி அவர் கையைத் தொட்டு, பேசாமல் சாப்பிடச் சொன்னாள். அவரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் இலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். என் தங்கை பின்னால் ஓடிவந்து, "என்னக்கா இது, பந்தியில இப்படிச் சத்தம் போடுத, கல்யாண வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக?" என்றாள். அவளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.