ஃபிளெக்ஸுக்கு அந்தப் பக்கம்

அக்காவின் மகனுடைய காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர் இன்னும் என் அறை மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன், கைகூப்பி நிற்கும் பங்காளிகள், நடுவில் அழத் தயாராக ஒரு குழந்தை. தருமபுரியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே அது பல மாதங்கள் தொங்கியது. படம் அக்கா பக்கம். வெள்ளை முதுகு என் பக்கம்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. என்னோடு சேர்ந்து, போனுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தைத் தொடங்கியவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். பாப்பாரப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன். அந்தக் குலுக்கலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டித் தமிழில் எழுதுவது நடக்கிற காரியமா? "வெரல எடுக்காம ஒரே இழுப்புல ஒரு சொல்லு வந்துட்டா எப்பிடி இருக்கும் தம்பி?" என்று ஒரு காலை கேட்டபடியே உள்ளே வந்தார். அன்றே போனுக்கு அப்படியொரு தமிழ் விசைப்பலகை செய்யத் தொடங்கிவிட்டோம். சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்களிடம் ஓடும் பஸ்ஸிலேயே போனைக் கொடுத்து, விரலால் இழுக்கச் சொல்லி, அந்தக் கோணல் கோடுகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு வருவார். கூடவே அவர்கள் வீட்டுக் கதைகளும் வரும். பேசாமல் இருப்பது அக்காவுக்குத் தெரியாத வித்தை. கண்டக்டருக்கும் அவர் மச்சானுக்கும் நடந்த சண்டை வரை சொல்லி முடித்தால்தான் கணினியையே திறப்பார்.

போன் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று எங்கள் விசைப்பலகையைக் கேட்டது. வெளிநாடுகளிலும் விற்கப் போகிறார்கள், அதனால் காப்புரிமைச் சிக்கல் இல்லை என்று உறுதி வேண்டும் என்றார்கள். பெங்களூரிலிருந்த வக்கீலைப் பிடித்தோம். விரலை இழுத்து எழுதும் முறைக்கு வெளிநாட்டில் யாரோ ஏற்கெனவே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வக்கீல் சொன்ன வழி கடுமையாக இருந்தது. புரோகிராம் எழுதுகிறவர் அந்த ஆவணங்களைப் படிக்கக் கூடாது. படித்தவர் அதன் பிறகு எழுதவும் கூடாது, எழுதுகிறவரிடம் அதைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. தெரிந்தே எடுத்தோம் என்று நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் எங்களால் தாங்க முடியாது.

நாங்கள் இருந்ததே இரண்டு பேர். யோசனை உங்களுடையது, நீங்களே எழுதுங்கள், நான் படிக்கிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. "நீ என்னைவிட வேகமா எழுதுவ. நாளு கம்மியாத்தான் குடுத்திருக்காங்க. நான் படிக்கறன்" என்றார். தான் பெற்ற பிள்ளையை இனித் தொடவே போவதில்லை என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் வீட்டிலிருந்து பேனரோடு வந்து, மேசைகளுக்கு நடுவே கட்டினார். "வாய மூடிக்குவன் தம்பி. இந்த மூஞ்சி சும்மா இருக்காது."

நான் எழுதும் முறையை ஒரு தாளில் விவரித்துப் பேனருக்கு அடியில் தள்ளுவேன். அவர் ஒப்பிட்டுப் பார்த்து வக்கீலுக்குச் சொல்வார். வக்கீல் என்னை அழைத்து ஆகும், ஆகாது என்பதை மட்டும் சொல்வார். முதல் தாளுக்கு ஆகாது என்று வந்தது. அதில் இருந்தது அக்கா நினைத்த அதே ஒரே இழுப்பு. பஸ்ஸில் தனக்குத் தோன்றியது, முகம் தெரியாத யாருக்கோ முன்பே தோன்றி அவருக்குச் சொந்தமாகிவிட்டது என்பது அக்காவுக்குப் படித்த அன்றே தெரிந்திருக்கும். அந்தத் துக்கத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் மதியம் தக்காளி விலையைப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்.

வழியை மாற்றி மாற்றி எழுதிய அடுத்தடுத்த தாள்களும் ஆகாதவையே. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவ்வளவுக்கும் விடை அந்தப் பேனருக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் இருமினால்கூட அதில் அர்த்தம் தேடினேன். கடைசியில், சொல்லுக்கு ஒரு கோடு என்பதைக் கைவிட்டு, எழுத்துக்கு ஒரு சின்ன இழுப்பு என்று மாற்றினேன். 'க'வில் விரலை வைத்து ஒரு பக்கம் இழுத்தால் 'கா', இன்னொரு பக்கம் இழுத்தால் 'கி'. வக்கீல் ஆகும் என்றார். நான் போனை வைப்பதற்குள் பேனருக்கு மேலே அக்காவின் தலை எழும்பியது. நாற்காலி மேல் ஏறி நின்று, கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த விசைப்பலகை விலை குறைந்த போன்களில் சில காலம் ஓடியது. எங்களுக்குச் சோறு போட்டது. அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது அதன் பிறகுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டுவிட்டேன். "அந்தக் காப்புரிமைல என்னதாங்க்கா இருந்துச்சு? ஒரே இழுப்புக்கு வேற வழி ஏதாச்சும் உங்களுக்குத் தோணுச்சா?"

மெலிந்த முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "தோணாம இருக்குமா? ஆனா சொன்னா நீ எழுத முடியாதே தம்பி. நீ இன்னும் எவ்வளவோ எழுதணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "காப்புரிமைக்கும் ஒரு ஆயுசு இருக்கில்ல, முடியட்டும். அப்பறம் உக்கார வெச்சி எல்லாத்தயும் சொல்றன்."

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

போன வாரம் வக்கீல் அழைத்தார். நாங்கள் பயந்த காப்புரிமைகளில் கடைசியானதும் காலாவதியாகிவிட்டதாம். "இனி நீங்க தாராளமா படிக்கலாம்" என்றார். எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. மூலையில் கிடந்த பேனரை எடுத்துப் பிரித்தேன். ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, பேனாவைச் சோதித்துப் பார்த்த ஒரு கிறுக்கல், எதுவாவது அவர் பக்கத்தில் இருக்காதா என்று தாய்மாமனின் கண்ணாடி முதல் குழந்தையின் காது வரை தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அத்தனை பேசிய மனுஷி, தன் பக்கத்தைத் துடைத்து வைத்தது போல வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பழையபடியே அதை மேசைக்கு எதிரே கட்டினேன். வெள்ளைப் பக்கம் என்னைப் பார்க்க உட்கார்ந்தேன்.

"முடிஞ்சிடுச்சிங்க்கா. இப்ப சொல்லுங்க" என்றேன்.